பக்கத்து சீட்டுக்காரர்

மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை சரக்குக் கம்பெனியில் லாரி ஓட்டுநர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. சாயந்திரத்துக்குள் காலணிக்குத் திரும்பத் திரும்ப பாலிஷ் போட்டாகிவிட்டது. லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் உள்ளே போய்விட்டதோ என்று பயந்து மறுபடி காய்ந்த துணியால் துடைத்தாகிவிட்டது. அப்புறமும் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன். தறி ஓட்டற மாதிரி போறீங்க வர்றீங்க" என்றாள் மனைவி. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே போர்வை மடிக்கிறவள். அவளுக்கு இன்னொருவர் நடப்பதைப் பார்த்தாலே கால் வலித்தது.

உட்கார்ந்தாலும் தொல்லைதான். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். அது தொழில் கொடுத்த வியாதி. பன்னிரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்தவர். எல் போர்டு மாட்டிய காரில், மாணவர்களுக்குப் பக்கத்து சீட்டில், அவருக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஸ்டீயரிங் மட்டும் கிடையாது. அதைப் பிடித்திருப்பவர் ஒரு பல் டாக்டராகவோ கல்யாணம் நிச்சயமான பெண்ணாகவோ இருப்பார். எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் பிரேக்கை மிதிப்பதும் மாஸ்டர் பொறுப்பு. அதனால் இப்போது பஸ்ஸில் போனாலும் கால் மிதிக்கிறது, முடிவெட்டும் நாற்காலியிலும் மிதிக்கிறது. தூக்கத்தில் மனைவியின் கெண்டைக்காலில் மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்த ஸ்கூலை முதலாளி மூடிவிட்டார். ஊருக்குள் இன்னொரு ஸ்கூல் இருந்தது, அதன் முதலாளி அன்றைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மாஸ்டர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்தது வேறு விஷயம். பன்னிரண்டு வருடமாக அவர் கார் ஓடியதெல்லாம் ஸ்கூலைச் சுற்றியிருந்த அதே ஆறேழு தெருக்களில். மைதானம், தபால் நிலையம், பள்ளிக்கூட வளைவு, திரும்ப ஸ்கூல் வாசல். இத்தனை ஓடியும் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இல்லை. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் எங்கெங்கோ ஓட்டிப் போய்விட்டார்கள். அவர் இன்னும் பக்கத்து சீட்டிலேயே இருந்தார். கனரக லைசென்ஸ் எடுத்தது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானுடைய லாரியைக் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகினார். இந்த வேலை கிடைக்காவிட்டால், வாரக் கடைசியில் அந்த இன்னொரு ஸ்கூலுக்குப் போய்த் தலையாட்ட வேண்டியதுதான். வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். லாரி ஓட்டியே தலை நரைத்தவர். குரலைத் தாழ்த்திப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

"மாப்பிள்ளை! தயாரா? வா, ஒத்திகை பாத்துடலாம். நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. பாப்பா, நீதான் மேனேஜர்."

கல்லூரியில் படிக்கும் மகள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மிஸ்டர். வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"சுத்தி வந்து பாக்கணும். டயர், விளக்கு, எண்ணெய் ஒழுகுதா, சரக்கு கட்டின கயிறு இறுக்கமா இருக்கா. அப்புறம் ஏறி உக்காந்து, காத்து பிரஷர் முள் மேல ஏறற வரைக்கும் காத்திருக்கணும். காத்து இல்லாம பிரேக் இல்ல. புரிஞ்சுதா?"

"யாருக்குப்பா புரியணும்? மேனேஜருக்கா?" என்று மகள் சிரித்தாள்.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். "பதில் சொல்லச் சொன்னா பாடம் நடத்தறியே! இந்த 'புரிஞ்சுதா'வ இங்கயே கழட்டி வச்சிட்டுப் போ. அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஸ்கூல்ல இருந்தேன்னு வாயத் தொறக்காதே."

"ஏன் மச்சான்?"

"வாத்தியார்னா லாரி யார்டுல சிரிப்பாங்கய்யா. சைக்கிள் முந்திட்டுப் போற வேகத்துல போற ஆளுன்னு நினைப்பாங்க. அவங்க கேக்கறது, சரக்கோட தனியா போன அனுபவம். காய்கறி வேன் ஓட்டினேன்னு சொல்லு. மூணு வருஷம். என் கூட்டாளி ஒருத்தன் வச்சிருக்கான், போன் பண்ணிக் கேட்டா ஆமான்னு சொல்லுவான்."

"இவரா? காய்கறியா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "முட்டைக்கோஸ் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, பூச்சிக்கும் சேத்துக் காசு குடுத்துட்டு வருவாரு."

"ஓட்டறதுக்குக் காய் பாக்கத் தெரிய வேண்டாம்மா."

"பொய் சொல்றதுக்குத் தெரியணுமே" என்றாள் அவள்.

மகள் கேட்க, மச்சான் திருத்த, மாஸ்டர் காய்கறி வேன்காரர் ஆகிக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்குச் சரக்கு ஏற்றுவார், எந்தக் காயை அடியில் வைப்பார், மழை வந்தால் எப்படி மூடுவார். பொய் வளர வளர அது நிஜமாகவே நடந்தது போல ஆகிவிட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மேசைக்கு அடியில் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

காலையில் அவர் போனபோது கம்பெனி யார்டு ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்தது. கம்பிவேலிக்கு உள்ளே கன்டெய்னர்கள் இரண்டு மூன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் லாரி போகிற அகலத்துக்குச் சந்துகள். சந்துகளுக்குள் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, பின்னால் போகும்போது பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரிந்தன. ஒரு பழைய கன்டெய்னரையே அறுத்து ஜன்னல் வைத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். அதன் வாசலில் ஒரு பெஞ்சு. அதில் தாடி வைத்த இளைஞன் ஒருவன் சூயிங் கம் மென்றபடி உட்கார்ந்திருந்தான்.

"நீங்களும் டிரைவர் வேலைக்கா அண்ணே? இடம் ஒண்ணுதானாமே."

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"எனக்கும் இப்பத்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் வேற வேற நாள் வந்திருக்கலாம், மூஞ்சிய பாத்துக்காம இருந்திருக்கலாம்" என்று சிரித்தான். தண்ணீர் லாரி ஓட்டியவனாம். அந்த வேலை போய், நாலு யார்டு ஏறி இறங்கிவிட்டானாம். "எல்லா இடத்துலயும் தாடிய எடுன்றாங்க. தாடிக்கும் கியருக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

மாஸ்டர் சிரித்தார். அவனுடைய காலும் பெஞ்சுக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்தார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

யார்டு மேனேஜர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். மேசைக்கு எதிரே உட்கார்ந்தவரிடமும் அதே குரலில்தான் பேசினார்.

"லோடோட இறக்கத்துல போறீங்க. வண்டிய எப்படி இறக்குவீங்க?"

"கியர முன்னாடியே குறைச்சுக்கணும் மேடம். பிரேக்க மட்டும் நம்பி மிதிச்சுக்கிட்டே போனா சூடாகி, கடைசில பிடிக்காது." 'புரிஞ்சுதா' நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினார்.

"முன்னாடி என்ன ஓட்டினீங்க?"

"காய்கறி வேன். மூணு வருஷம்."

"தக்காளிப் பெட்டி மேல என்ன அடுக்குவீங்க?"

"எதையும் அடுக்க மாட்டேன் மேடம்."

மேனேஜர் தலையாட்டினார். பொய் இத்தனை சுலபமாகப் போனதில் மாஸ்டருக்கு வியர்த்தது. யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அது தனக்குச் சரியாக இருப்பதைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

அடுத்து ஓட்டிக் காட்ட வேண்டும். "ரெண்டு பேரும் ஒரே வண்டில ஏறுங்க. தம்பி முதல்ல ஓட்டட்டும். ஒரு சுத்து வந்ததும் மாத்திக்கங்க. நான் இங்கயே நின்னு பாக்கறேன்" என்றார் மேனேஜர்.

ஆக மாஸ்டர் ஏறியது பக்கத்து சீட்டில். ஏறின கணமே இடுப்பு தன் பழைய கோணத்தில் படிந்தது. கண் மூன்று கண்ணாடிகளிலும் தானாக ஓடியது. கால் தரையில் பிரேக்கைத் தேடியது. அங்கே ரப்பர் விரிப்புதான் இருந்தது. கால் அதை நம்பவில்லை. இன்னும் முன்னால் தள்ளித் தேடியது.

தாடிக்காரன் நன்றாகத்தான் ஓட்டினான். வளைவில் அகலமாக எடுத்தான்; கண்ணாடியைப் பார்த்தான். மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். "நல்லா போகுது தம்பி" என்றார். அவன் "தேங்க்ஸ்ண்ணே" என்றான்.

மூன்றாவது சந்தின் முனையில், கன்டெய்னருக்குப் பின்னாலிருந்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வெளியே வந்தது.

அடுத்து நடந்ததை மாஸ்டர் யோசித்துச் செய்யவில்லை. கால் விரிப்பை ஓங்கி மிதித்தது. அங்கே ஒன்றுமில்லை என்றதும், கை தொடைக்கு அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, டிரைவருக்குப் பக்கத்திலிருந்த பார்க்கிங் பிரேக் லிவரைப் பிடித்து இழுத்தது. புஸ்ஸென்று காற்று சீறியது. பின்சக்கரங்கள் இறுகி, வண்டி ஒரு முறை குதித்து நின்றது. ஃபோர்க்லிஃப்டுக்கும் லாரிக்கும் நடுவே இன்னொரு லாரி நிற்கிற இடம் இருந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க!" தாடிக்காரன் வாயிலிருந்த கம் அவன் மடியில் விழுந்திருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். கதவைத் திறந்து இரண்டு பேரையும் இறக்கினார்.

"யார் லிவர இழுத்தது?"

"நான்தான் மேடம்" என்றார் மாஸ்டர்.

மேனேஜர் தாடிக்காரனிடம் திரும்பினார். "ஃபோர்க்லிஃப்ட் வர்றது கண்ணுக்குத் தெரியலையா? அவர் இழுக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?"

"நான் பாத்துட்டேன் மேடம். பிரேக் வச்சுட்டேன்."

"வச்சிருந்தா அவர் ஏன் இழுக்கறாரு? பக்கத்து சீட்டுல இருக்கறவருக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. போதும் தம்பி, நீ கிளம்பு." பிறகு மாஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை ஏறியிருந்தது. "நீங்க ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. பேருக்குத்தான். பாத்த வரைக்கும் எனக்குப் போதும்."

வேலை கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஏறினால் போதும். தாடிக்காரன் பேண்டில் ஒட்டிய கம்மை விரலால் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் மேற்கொண்டு வாதாடவில்லை, நாலு யார்டு ஏறி இறங்கியவனுக்கு வாதாடிப் பயனில்லை என்று தெரிந்திருந்தது போல.

மாஸ்டருக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரியும். பக்கத்து சீட்டில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவன், ஓட்டுகிறவனுடைய காலைக் கண்ணால் பார்ப்பதில்லை, முதுகால் பார்க்கிறான். அவர் கை புறப்படுவதற்கு முன்பே அவர் முதுகு சீட்டை விட்டு முன்னால் சரிந்திருந்தது. பையன் பிரேக் வைத்துவிட்டான். நேரத்துக்கு, பதறாமல். அதற்குப் பிறகுதான் அவர் கை போனது.

இரண்டு அடி லாரியை நோக்கி நடந்தார். படியில் கை வைத்தார். அப்புறம் திரும்பி வந்தார்.

"அவர் முன்னாடியே பிரேக் வச்சுட்டாரு மேடம்."

"என்ன?"

"வண்டி நின்னிருக்கும். நான்தான் தேவையில்லாம இழுத்தேன். என் முதுகு சீட்ட விட்டு முன்னாடி சாஞ்சுது, அதுக்கு அப்புறம்தான் என் கை போச்சு."

"அப்ப ஏன் இழுத்தீங்க?"

"பழக்கம்."

மேனேஜர் கண்ணைச் சுருக்கினார். "காய்கறி வேன பக்கத்து சீட்டுல உக்காந்தா ஓட்டினீங்க?"

தாடிக்காரன் அந்த நிலைமையிலும் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"வேன் இல்ல மேடம். டிரைவிங் ஸ்கூல். வாத்தியார் வேலை."

"அப்ப தக்காளி?"

"அதுவும் இல்ல."

மேனேஜர் லாரியின் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் போட்டே பழகியவர் தாழ்ந்த குரலில் பேசியது மாஸ்டருக்கு அதிகமாக வலித்தது. "ஓடற வண்டில பார்க்கிங் பிரேக்க இழுத்தா பின்சக்கரம் பூட்டிக்கும். லோடு இருந்திருந்தா வண்டி எப்படித் திரும்பியிருக்கும்? பாடம் நடத்தறவருக்கு இது தெரியாதா?"

"தெரியும் மேடம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கைக்குத்தான் தெரியல."

மேனேஜர் தாடிக்காரனைப் பார்த்து, "உள்ள போய் உக்காரு. போயிடாதே" என்றார். அவன் மாஸ்டரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடந்தான். நன்றி சொல்வதா, திட்டுவதா என்று அவனுக்கே முடிவாகவில்லை.

"இடம் ஒண்ணுதான். அது அந்தத் தம்பிக்கு" என்றார் மேனேஜர். "உங்களுக்கு வேற ஒண்ணு சொல்றேன். புதுசா வர்ற டிரைவருங்களப் பழக்கறதுக்கு எங்களுக்கு ஆள் இல்ல. பக்கத்து சீட்டுல உக்காந்து, முதுகால பிரேக் பாக்கறீங்களே, அது எல்லாருக்கும் வராது. பகல் வேலை. சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம். சம்பளமும் டிரைவருக்குக் குறையாது. நாளைக்கே வாங்க."

நல்ல வேலை. மச்சான் கேட்டால் சரியென்று சொல் என்று முதுகில் தட்டியிருப்பார். மாஸ்டர் சரியென்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன்? கௌரவம் பாக்கறீங்களா?"

"கௌரவமெல்லாம் இல்ல. ரொம்ப வருஷமா பக்கத்து சீட்டுலயே போயிட்டு வந்துட்டேன். எங்கயும் போய்ச் சேரல. ஒரு தடவை சரக்க எடுத்துட்டுப் போய், இந்தாங்கன்னு ஒரு இடத்துல இறக்கிட்டு வரணும்."

மேனேஜருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. "பொய்யும் சொல்லிட்டு, குடுக்கற வேலையும் வேண்டாம்கறீங்க. நல்ல ஆளு நீங்க." மஞ்சள் சட்டையின் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "மாத்து டிரைவர்னு சில பேர வச்சிருக்கோம். யாராவது வரலன்னா கூப்பிடுவோம். வாரத்துக்கு ரெண்டு நாளும் வரலாம், மாசத்துக்கு ஒரு நாளும் வரலாம். உத்தரவாதம் கிடையாது. வேணுமா?"

"வேணும்."

"அதுக்கும் ஓட்டிக் காட்டணும். அதோ, யார்டு கடைசில எடைமேடை தெரியுதா? வண்டிய அங்க ஏத்தி, எடைச்சீட்டு வாங்கிட்டு வாங்க. தனியா. உங்களுக்குப் பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது, அதுதான் உங்களுக்குப் பரீட்சை."

மாஸ்டர் ஏறினார். ஸ்டீயரிங் பெரியதாக, லேசாகப் பிசுபிசுவென்று இருந்தது. கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. கிளட்சை விட்டதும் வண்டி நகர்ந்தது. "மெதுவா, மெதுவா. கண்ணாடியப் பாருங்க. கால எடுங்க" என்று யாருக்கோ சொன்னார். யாருமில்லை. இரண்டாவது சந்தில் திரும்பும்போது சொல்லிக்கொண்டே திரும்பினார், சீக்கிரமாகத் திரும்பிவிட்டார். கண்ணாடியில் பின்சக்கரம் கன்டெய்னரின் மூலையை உரசப் போவது தெரிந்தது. காரில் இந்த இடத்தில் தாராளமாகப் போயிருக்கும். நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹார்னை அழுத்தி, "என்னய்யா, பொண்ணு பாக்க வந்தியா? எடு!" என்று கத்தினார்.

"ஒரு நிமிஷம்ண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஏறி, பின்னால் எடுத்து, ஸ்டீயரிங்கை அகலமாக ஒடித்து மறுபடி போனார். இந்த முறை வாயை மூடிக்கொண்டு ஓட்டினார்.

எடைமேடைக்காரர் சின்னச் சதுர ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "பின்சக்கரம் மேல வரல. இன்னும் முன்னாடி. இன்னும். ஆங், போதும்!" சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். காலி வண்டியின் எடை. மாஸ்டர் அதைச் சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் மேனேஜர் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார், பின்பக்க மூலையைக் குனிந்து தடவினார். கீறல் இல்லை.

"ஒரு தடவை இறங்கிப் பாத்தீங்க."

"ஆமாம் மேடம். திருப்பம் தப்பாயிடுச்சு."

"அடுத்த தடவை தப்பு வந்தாலும் இறங்குங்க." நம்பரை வாங்கிக் குறித்துக்கொண்டார். "போன கையிலயே வச்சுக்கங்க. ரெண்டு தடவை அடிப்பேன், எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று மனைவிக்குப் போன் செய்தார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். சலவை இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"என்ன ஆச்சுங்க? கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நிஜமாவா!"

"கூப்பிட்டாப் போகணும். மாத்து டிரைவர்."

"கூப்பிடலன்னா?"

"கூப்பிடுவாங்க. டிரைவருங்களுக்கெல்லாம் உடம்புக்கு வராமயா போயிடும்? மழைக்காலம் வேற வருது."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அவள். "இனிமே காலைல எழுந்து, யாருக்குக் காய்ச்சல் வரும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்களா?"

"காய்ச்சல்தான் வரணும்னு இல்ல. கல்யாணம், காதுகுத்து..."

"வைங்க போன" என்றாள். ஆனால் வைக்கவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் யாரிடமோ, "எங்க வீட்டுக்காரரு, லாரி டிரைவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. மாஸ்டர் ஏறுவதற்கு முன், போனில் சத்தம் கூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஏறிய பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.